ஓயாமரியை அழித்தேன்

அழிப்பது எனக்குப் பிடிக்கும். இதைச் சொன்னால் சிலர் ஒரு மாதிரி பார்ப்பார்கள், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் என் கணவர் சேர்ப்பவர், நான் தூக்கிப் போடுபவள். செத்துப்போன மிக்ஸியின் மோட்டார், எந்தப் போனுக்கும் சேராத சார்ஜர், டி.வி. வந்த அட்டைப்பெட்டி என்று பரண் முழுக்க நிரப்பி வைப்பார். கேட்டால் "எதுக்காவது ஆகும்" என்பார். அவர் ஆபீஸ் கிளம்பியதும் நான் ஒவ்வொன்றாகப் பழைய சாமான்காரரைக் கூப்பிட்டுக் கொடுத்துவிடுவேன். கொடுத்த எதையும் அவர் இதுவரை தேடியதில்லை. அந்தத் தைரியம்தான் எனக்கு வினையாக வந்தது.

பிள்ளைகளுக்காகப் பதினோரு வருடம் வீட்டோடு இருந்துவிட்டு, போன வருடம் மறுபடி வேலைக்குப் போனேன். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறினால் அரை மணி நேரம். திருச்சி மெயின்கார்டுகேட் பக்கத்தில் ஒரு பாத்திரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். என்னைச் சேர்க்காமல் ஐந்து பேர், அதற்குமேல் ஒரு முதலாளி. அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். கீழே யாராவது அண்டாவைத் தட்டிப் பார்த்து வாங்கும்போதெல்லாம் எங்கள் மேஜை அதிரும். சிறு கம்பெனிகளுக்கும் சங்கங்களுக்கும் மென்பொருள் எழுதிக் கொடுப்பது தொழில்.

அந்த ஆபீஸில் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாகச் சேருகிறவர் மூன்று மாதம் வேலை பார்க்க வேண்டும். மூன்று மாதம் முடிகிற அன்று சார் மற்ற ஐந்து பேரையும் தனித்தனியாகத் தன் அறைக்குக் கூப்பிட்டு, "இவங்க இருக்கட்டுமா?" என்று கேட்பார். ஐந்து பேரும் சரி என்றால் வேலை நிரந்தரம். ஒருவர் வேண்டாம் என்றாலும் இல்லை. ஏன் என்று கேட்கமாட்டார், யார் சொன்னது என்றும் வெளியே தெரியாது. சேர்ந்த அன்றே இதைச் சொல்லிவிட்டார். மாமியார் நாத்தனார் எல்லோரும் சம்மதித்தால்தான் கல்யாணம் என்பது போல இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அந்த வேலை வேண்டும். பதினோரு வருடத்தில், "என்ன பண்றீங்க?" என்று யாராவது கேட்டால், "சும்மாதான் இருக்கேன்" என்று நானே சொல்லப் பழகியிருந்தேன். நாலு மணிக்கு எழுந்து, இரண்டு பிள்ளைகளையும் மாமனாரையும் ஒரு வீட்டையும் கட்டி மேய்த்தவள் சும்மா இருந்தாளாம்! அந்த வார்த்தையை இனி என் வாயால் சொல்லக்கூடாது என்ற வெறி எனக்கு. பிள்ளைகள் ஸ்கூலுக்குப் போனபின் வீடியோ பார்த்துப் பார்த்துப் புது விஷயங்களையெல்லாம் கற்றுக்கொண்டுதான் வந்திருந்தேன்.

இரண்டாவது மாதம் சார் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். ஆபீஸில் எல்லோருக்கும் பொதுவாக ஒரு பெரிய கம்ப்யூட்டர் உண்டு. அதில் இடம் நிரம்பி வழிந்தது. "அதுல பழைய கன்டெய்னரெல்லாம் கெடக்கு. யாரும் தொட மாட்டேங்கறாங்க. நீங்க கொஞ்சம் சுத்தம் பண்ணிடுங்க." நான் உள்ளுக்குள் துள்ளினேன்.

கன்டெய்னர் என்று நாங்கள் சொல்வது, ஒரு மென்பொருளை அதற்கு வேண்டிய தட்டுமுட்டுச் சாமான்களோடு சேர்த்துக் கம்ப்யூட்டருக்குள் தனிக்குடித்தனம் வைப்பதை. வேலை முடிந்து அதை நிறுத்தினாலும் பெட்டி அங்கேயே கிடந்து இடத்தை அடைக்கும். கறுப்புத் திரையில் ஒரு கட்டளை தட்டினால் எல்லாப் பெட்டிகளும் பட்டியலாக வரும். 'ஆர்எம்' என்று அடித்துப் பெட்டியின் பெயரைச் சொன்னால் அது போய்விடும். நிஜமாகவே போய்விடும். குப்பைக்கூடையில் போட்டு வைத்து, அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்கிற பேச்சே கிடையாது.

ஒரே ஒரு தடுப்பு உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியை அது லேசில் அழிக்க விடாது. இது ஓடுகிறது, முதலில் நிறுத்து, இல்லாவிட்டால் வற்புறுத்து என்று பதில் சொல்லும். வற்புறுத்த 'மைனஸ் எஃப்' என்று இரண்டே எழுத்துச் சேர்த்தால் போதும்.

பெட்டிகளுக்கு நாம் பெயர் வைக்காவிட்டால் கம்ப்யூட்டரே வாய்க்கு வந்ததை வைத்துக்கொள்ளும். எங்கள் ஆபீஸில் அதற்கும் ஒரு வழக்கம். உருப்படியான பெட்டிகளுக்கெல்லாம் ஒன்றாம் நம்பர் பஸ் போகிற வழியிலுள்ள இடங்களின் பெயர்களை வைப்பார்கள். சத்திரம், மாம்பழச்சாலை, அம்மாமண்டபம், ராஜகோபுரம் என்று இருக்கும். இதை ஆரம்பித்து வைத்தவர் என்னைப்போலவே ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர், ஆபீஸிலேயே மூத்தவர், பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைக்காவிட்டால் அன்றைக்கு முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். சுத்தம் செய்வதற்கு முன்னால் அவரிடம்தான் போய்க் கேட்டேன்.

"ரொம்ப சிம்பிளுங்க. நம்ம பஸ் ரூட்டு பேரு இருந்தா தொடாதீங்க. மத்ததெல்லாம் எடுத்துடலாம்" என்றார்.

ஒரு டம்ளர் காபியோடு உட்கார்ந்தேன். பட்டியலைப் பார்த்தால் சிரிப்பு வந்தது. 'டெஸ்ட்', 'டெஸ்ட் ரெண்டு', 'சும்மா', 'கடைசி', 'நிஜமாவே கடைசி' என்று கிடந்தன. ஒவ்வொன்றாக ஆர்எம், ஆர்எம் என்று தட்டினேன். ஒவ்வொரு தட்டலுக்கும் ஒரு வரி குறைந்தது. பண்டிகைக்கு முன்னால் அலமாரியைக் காலி செய்து புதுக் காகிதம் விரிக்கிறபோது வருமே ஒரு நிம்மதி, அது. காபி ஆறியதுகூடத் தெரியவில்லை.

கடைசியில் ஒரு பெயர் நின்றது. ஓயாமரி.

திருச்சிக்காரர் யாருக்கும் அந்தப் பெயரைச் சொல்லித் தர வேண்டாம். காவிரிக் கரையில் இருக்கிற சுடுகாடு. சத்திரத்தில் ஏறினால் பஸ் நேரே பாலத்தைத் தாண்டி மாம்பழச்சாலை போய்விடும், ஓயாமரி பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. கல்யாணமாகி வந்த நாளாக அந்தப் பஸ்ஸில் போய் வருகிறவள் நான், எனக்குத் தெரியாதா? வேண்டாததைக் கொண்டுபோய்ப் போட யாரோ குறும்பாக இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். ஆர்எம் ஓயாமரி என்று தட்டினேன்.

இது ஓடுகிறது, முதலில் நிறுத்து என்று பதில் வந்தது.

அங்கேயாவது நான் நின்றிருக்க வேண்டும். ஒரு நிமிடம் எழுந்து போய் யாரையாவது கேட்டிருக்கலாம், எல்லோரும் பத்தடி தூரத்தில்தான் இருந்தார்கள். ஆனால் என் சுபாவம் எனக்குத் தெரிந்ததுதானே. முப்பது பெட்டி மறுபேச்சில்லாமல் போனபின் இந்த ஒன்று மட்டும் எதிர்த்துப் பேசியது எனக்குப் பொறுக்கவில்லை. சுடுகாடு வரைக்கும் வந்துவிட்டு அடம் வேறயா என்று முணுமுணுத்துக்கொண்டே மைனஸ் எஃப் சேர்த்தேன். போய்விட்டது. சாரிடம் போய்ப் பாதிக்குப் பாதி இடம் காலியாகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, வழக்கமான பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை பத்து மணி இருக்கும். பாலக்கரையிலிருந்து வருகிற பெண், அந்த ஐந்து பேரில் ஒருவர், தன் மேஜையிலிருந்து கேட்டார். "அக்கா, ஓயாமரியக் காணோமே, நீங்க பாத்தீங்களா?"

ஜீயபுரத்தில் வாழை போடுகிற விவசாயிகள் சங்கம் ஒன்றுக்கு நாங்கள் ஒரு செயலி எழுதிக்கொண்டிருந்தோம். எந்தத் தோட்டத்தில் என்ன ரகம், எப்போது நட்டது, எப்போது தார் வெட்டுக்கு வரும் என்று சங்கத்துக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும். அதற்காக அந்தப் பெண் மே மாத வெயிலில் மூன்று வாரம் தோட்டம் தோட்டமாக நடந்து, போனிலேயே விவரம் பதிந்து அனுப்பியிருந்தார். நாற்பது தோட்டம். அத்தனையும் போனில் தங்காமல் ஓயாமரிக்குள் மட்டும்தான் இருந்தது. பெட்டிக்குள் எழுதியது பெட்டியோடு போய்விடும். வெளியே தனியாக ஓர் இடம் ஒதுக்கி அங்கே எழுத வைத்திருந்தால் தப்பியிருக்கும். அந்த ஏற்பாட்டை அந்த வாரம்தான் செய்வதாக இருந்தார்கள்.

நான் அழித்துவிட்டேன் என்று சொன்னதும் அவர் கத்தவில்லை. "யா அல்லாஹ்" என்று மட்டும் சொல்லிவிட்டு இரண்டு கையையும் கீபோர்டு மேல் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

சார் வந்தார். பஸ் பெயர் வைக்கும் மூத்தவரும் வந்தார். "ஓயாமரி பஸ் ரூட்டே இல்லையே, நீங்க சொன்னபடிதானே செஞ்சேன்" என்று நான் அவர்மேல் பாய்ந்தேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. "இருந்துச்சேங்க. பாலம் ரிப்பேருக்கு மூடியிருந்தாங்களே, அப்ப பஸ்ஸ ஓடத்துறை வழியா சுத்தித்தானே விட்டாங்க? மாசக்கணக்கா நான் தினமும் ஓயாமரியப் பாத்துக்கிட்டுத்தானே வந்தேன். அப்ப வச்ச பேருங்க அது."

பாலம் மூடியிருந்தது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மாதங்களில் நான் ஸ்ரீரங்கத்தை விட்டு வெளியே போகவே இல்லை. எதற்குப் போவேன்? எல்லோரும் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போய்வந்த காலத்தில் நான் வீட்டில் இருந்தேன்.

சார் மூத்தவரைப் பார்த்து, "புதுசா வந்தவங்களுக்கு இதெல்லாம் தெளிவா சொல்ல வேணாமா?" என்றார் கோபமாக. மூத்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அதோடு விட்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். பழி பாலத்தின் மேல் பாதி, அவர் மேல் பாதி என்று போயிருக்கும். அந்தக் கம்ப்யூட்டர் என்னைத் தடுத்தது எனக்கு மட்டும்தான் தெரியும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள், இந்தப் பூசணிக்காயை நன்றாகவே மறைத்திருக்கலாம். ஐந்து பேரும் சரி சொல்ல வேண்டிய வேலை என்பது அந்த நிமிடம்கூட மண்டைக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் கீபோர்டு மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தப் பெண்ணைப் பார்க்கப் பார்க்க எனக்கு என் மேலேயே வெறுப்பாக வந்தது.

"அவர் மேல தப்பு இல்ல சார். அது ஓடிட்டு இருந்துச்சு. நிறுத்துன்னு சொல்லிச்சு. நான்தான் கேக்காம வற்புறுத்தி அழிச்சேன்" என்றேன். கீழே யாரோ அண்டாவைத் தட்டிப் பார்த்தார்கள். "அந்த நாப்பது தோட்டத்துக்கும் நான் போயி எழுதிட்டு வரேன். எனக்கு வழி தெரியாது. இவங்க வழி மட்டும் காட்டினாப் போதும்."

சார் அந்தப் பெண்ணைப் பார்த்தார். அவர் என்னைப் பார்க்காமலேயே, "சரி சார்" என்றார்.

மறுநாளிலிருந்து அவருடைய ஸ்கூட்டரில் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். குடமுருட்டிப் பாலம் தாண்டிக் கரூர் ரோட்டில் வலது கைப் பக்கம் காவிரி கூடவே வந்தது. இரண்டு நாள் ஒரு வார்த்தை பேசவில்லை. "இறங்குங்க", "ஏறுங்க" அவ்வளவுதான். அவரைவிடப் பத்து வயது மூத்தவள் நான், ஸ்கூலில் வாசலுக்கு வெளியே நிறுத்தி வைத்த பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

முதல் தோட்டத்தில் ஒருவர் சாய்ந்த மரத்துக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும், "என்னம்மா, இப்பத்தானே வந்து எழுதிட்டுப் போனீங்க? அதுக்குள்ள மறந்து போச்சா?" என்றார். பாலக்கரைப் பெண் என் பக்கம் திரும்பினார்.

"நான்தாங்க தெரியாம அழிச்சிட்டேன்" என்றேன்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

அவர் முட்டுக் கழியை ஊன்றிவிட்டு நிமிர்ந்தார். "சரி விடுங்க, எழுதிக்கங்க. வாழை அங்கயேதான் நிக்குது."

நாற்பது தோட்டத்திலும் இதே கேள்வி, இதே பதில். முதல் நாள் நான் அதற்குப் பெரிய விளக்கமெல்லாம் கொடுத்தேன். பாலம், பஸ், ஓயாமரி என்று ஆரம்பித்தால் கேட்கிறவருக்குக் கொட்டாவி வந்தது. ஒரு அம்மாள், "படிச்ச புள்ளதானே நீ?" என்று கேட்டுவிட்டு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். இன்னொருவர், "போன தடவை நான் பூவன்னு சொன்னேனா, ரஸ்தாளின்னு சொன்னேனா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார். மூன்றாம் நாளுக்குள் விளக்கமெல்லாம் போய், "நான்தாங்க அழிச்சேன்" என்ற ஒரே வரிதான் மிஞ்சியது.

போனில் பதிந்ததோடு விடாமல் நான் ஒரு நாற்பது பக்க நோட்டிலும் எழுதிக்கொண்டே வந்தேன். வரப்பில் உட்கார்ந்து சாப்பிடும்போது அந்தப் பெண் முதல்தடவையாகத் தானே பேச்செடுத்தார்.

"போன்லதான் பதிஞ்சு அனுப்பியாச்சே அக்கா, நோட்டு வேற எதுக்கு?"

"என்னை நம்பாமத்தான்" என்றேன்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்து முடியாமல் புரையேறி, நான் தலையில் தட்ட வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு ஸ்கூட்டரில் பேச்சு நிற்கவே இல்லை. நிக்காஹ் ஆகி மூன்றாம் மாதமே கணவர் சவூதிக்குத் திரும்பிப் போனது, போனில் சண்டை போட்டால் அவர் சிக்னல் இல்லை என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது, தனக்கும் குழந்தை பிறந்தால் வேலையை விட்டுவிடச் சொல்வார்களோ என்ற பயம் எல்லாம் சொன்னார். நானும் பதினோரு வருடத்தைச் சொன்னேன். இவ்வளவு நாளும் யாரிடமும் அதை இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. காற்றில் பாதி வார்த்தை போய்விட்டாலும் அவர் கேட்டுக்கொண்டுதான் வந்தார்.

கடைசி நாள் கடைசித் தோட்டத்தில் அதே கேள்வி வந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே முந்திக்கொண்டு, "எங்க அக்கா அழிச்சிட்டாங்க பெரியவரே, கை ரொம்ப சுத்தம்" என்றார். எனக்கு ரோஷம் வந்தது, கூடவே சந்தோஷமாகவும் இருந்தது. எட்டு நாளில் நாற்பதும் முடிந்தது. சங்கத்துக்காரர்களுக்குச் சொன்ன தேதியில் செயலியைக் காட்டினோம். இந்தத் தடவை விவரத்தையெல்லாம் பெட்டிக்கு வெளியே வைத்திருந்தோம்.

மூன்று மாதம் முடிகிற நாள் வந்தது. காலையிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. சார் ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் மூத்தவர் போய்விட்டு வந்தார், வந்தவர் தன் திரையைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். அப்புறம் இருவர், அப்புறம் இன்னொருவர். யார் முகத்திலும் ஒன்றும் படிக்க முடியவில்லை. பாக்கி பாலக்கரைப் பெண் மட்டும். சிநேகமாகப் பழகியது வேறு, மூன்று வார வெயிலை ஒரு நொடியில் அழித்தவளை இன்னும் பல வருடம் பக்கத்தில் வைத்துக்கொள்வது வேறு. வேண்டாம் என்று சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது என்று எனக்கே தோன்றியது. அவரிடம் ஒரு வார்த்தையும் கேட்கக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சார் கூப்பிட்டதும் எழுந்தார். அறைக்குப் போகாமல் நேரே என் மேஜைக்கு வந்து, திறந்தபடி இருந்த தன் லேப்டாப்பை என் முன்னால் வைத்தார். கறுப்புத் திரையில் அவருடைய பெட்டிகளின் பட்டியல் நின்றது. இருபது இருக்கும்.

"எடமே இல்லக்கா இதுல. நீங்களே பாத்து வேண்டாதத எடுத்துருங்க. நான் உள்ள போயி சொல்லிட்டு வந்துடறேன்."

முக்காட்டைச் சரி செய்துகொண்டு அறைக்குள் போனார். கதவு மூடிக்கொண்டது. எனக்குக் கண் கலங்கி எழுத்தெல்லாம் மங்கியது, துடைத்துவிட்டுப் பட்டியலைப் படித்தேன். பாதிக்கு மேல் நின்றுபோனவை, பார்த்தாலே குப்பை என்று தெரிந்தவை. கை துறுதுறுத்தது. ஒன்றையும் தொடாமல் அவர் வெளியே வரும்வரை காத்திருந்தேன். வந்ததும் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, முதல் வரியில் விரலை வைத்து, "இது வேணுமா?" என்று கேட்டேன்.